நேற்று நாற்பத்து மூன்று

கால் வீங்குகிறது என்று போனேன். டாக்டர் காலைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரைப் பார்த்தார். உப்பைக் குறையுங்கள், பார்லி தண்ணீர் குடியுங்கள் என்று அதனிடமே சொன்னார். வாழ்க்கையில் பாதியை ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முன்மேசையில் கழித்தவள் நான். டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம்கூட வருவதில்லை. நேராக மயிலாப்பூர் போய், மாட வீதி நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ பார்லி வாங்கினேன். பங்குனி உத்திரம் அப்போதுதான் முடிந்திருந்தது. நீர்மோர்ப் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நசுங்கின பேப்பர் கப்பும் வாடின பூவும் தெரு முழுக்கக் காலில் மிதிபட்டன.

மந்தைவெளிக்கு வந்து அடுப்பில் வைத்தேன். பார்லி வேகிற வாசனை இருக்கிறதே, அது சாப்பாட்டு வாசனையும் இல்லை, மருந்து வாசனையும் இல்லை. ஈர வைக்கோலைப் பக்கத்தில் வைத்த மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர் டிவியிலிருந்து தலையைத் திருப்பாமல், "இன்னாது அது, மாட்டுக்குக் காச்சுறியா?" என்றார்.

அவ்வளவுதான். என்கூட வேலை பார்த்த எஸ்தர் ஞாபகம் வந்து அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீங்கின காலோடு தரையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது லேசில்லை. எழுந்திருக்கிற வரைக்கும் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேனே.

"பார்லியைக் கேவலமாப் பேசாதடி. எங்க சாமிக்குப் படைச்சது" என்பாள் அவள். அந்தக் காலத்தில் அவர்களுக்கு எருசலேமில் கோயில் இருந்தபோது, பாஸ்கா பண்டிகைக்கு மறுநாள் புதுப் பார்லியில் ஒரு படி கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். அன்றைக்கு ராத்திரியிலிருந்து நாள் எண்ண ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் இருட்டினதும் எழுந்து நின்று, ஒரு சின்ன ஜெபம் சொல்லி, இன்றைக்கு இத்தனையாவது நாள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஏழு வாரம், நாற்பத்தொன்பது நாள். ஐம்பதாம் நாள் திருவிழா. மோசேக்கு மலையில் கட்டளை கொடுத்த நாள் அது. கோயில் போயிற்று, பார்லி போயிற்று, எண்ணிக்கை மட்டும் போகவில்லை.

எஸ்தர் யூதப் பெண். இதை இப்படி ஒரு வரியில் உங்களிடம் சொல்லிவிட்டேன். மந்தைவெளியில் யாருக்கும் புரியவைக்க அவளால் கடைசிவரை முடியவில்லை. பெயரைக் கேட்டதும் "எந்த சர்ச்சும்மா?" என்பார்கள். "எங்களுக்கு சர்ச் இல்லைங்க" என்றால், "ஓ, பெந்தகோஸ்தா?" என்பார்கள். எங்கள் முதலாளி வருடா வருடம் அவளுக்குக் கிறிஸ்துமஸுக்கு லீவும் பிளம் கேக்கும் கொடுத்தார். முதல் இரண்டு வருடம் விளக்கம் சொன்னாள். அப்புறம் கேக்கை வாங்கி என்னிடம் தந்துவிட்டு, லீவில் தூங்கினாள்.

தி. நகரில், பனகல் பார்க்கிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு சந்தில் இருந்தது எங்கள் லேப். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். சின்ன டப்பாவை நீட்டி, இதில் எப்படிப் பிடித்து வர வேண்டும் என்று ஆம்பளைகளிடம் மானமாகச் சொல்வது என் வேலை. அவள் உள்ளே மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ரத்த அணுக்களை எண்ணுவாள். கட்டைவிரலால் அமுக்குகிற ஒரு சின்னக் கருவி இருக்கும், டிக் டிக் டிக் என்று நாள் முழுக்க உள்ளேயிருந்து சத்தம் வரும். எண்ணிக்கையில் அவளை யாரும் ஒரு தப்பு சொன்னதில்லை. அப்படிப்பட்டவளால் வருடத்துக்கு ஒரு தடவை நாற்பத்தொன்பது வரை எண்ண முடியவில்லை. நான் இதைச் சொல்லிச் சொல்லியே அவள் உயிரை வாங்கியிருக்கிறேன்.

முடியவில்லை என்றால், மறந்துவிடுவாள். ராத்திரி மறந்தாலும் மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஞாபகம் வந்தால் தப்பித்துக்கொள்ளலாம். ஒரு நாள் முழுக்க விட்டுப்போனால் போச்சு. மிச்ச நாளை எண்ணலாம், ஆனால் அந்த ஜெபத்தைச் சொல்லக் கூடாது. சும்மா நம்பர் சொல்வதுதான். "ரேஷன் கடை டோக்கன் மாதிரி" என்பாள், முகம் தொங்கிப்போய்.

இதில் இன்னொரு வம்பு. இருட்டின பிறகு, எண்ணி முடிப்பதற்கு முன்னால், யாராவது "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்டால் நம்பரைச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அதுவே எண்ணினதாக ஆகிவிடும், ஜெபம் இல்லாமல். அதனால் நேற்றைய கணக்கைத்தான் சொல்ல வேண்டும். வேலை முடிந்து பாண்டி பஜாரில் பஸ்ஸுக்கு நிற்போம். ஞாபகப்படுத்துவது என் பொறுப்பு.

"எத்தனைடி?"

"நேத்து பன்னெண்டு."

"அப்ப இன்னைக்கு—"

"வாய மூடு!"

பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவள் பையைக் கீழே வைத்து, கைக்குட்டையைத் தலையில் போட்டு, பூக்கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் நின்று முணுமுணுப்பாள். பெட்ரோமாக்ஸும் டியூப்லைட்டும் ஏற்றின நேரம், சாத்துக்குடித் தோல் வாசனை. முடித்துவிட்டு, "இன்னைக்குப் பதிமூணு. ஒரு வாரமும் ஆறு நாளும்" என்று என்னிடம் பெருமையாகச் சொல்வாள். எங்கள் தவக்காலம் முடிகிற சமயம் அவளுடையது ஆரம்பிக்கும். "நாப்பது நாளு கறி திங்காம நான் செத்துப் பொழச்சு வந்தா, நீ ஆரம்பிக்கிறியா?" என்று அலுத்துக்கொள்வேன். அறுபத்து மூவர் வந்து, கூட்டம் கலைந்து, பௌர்ணமி வந்தால், பெரும்பாலும் அவள் கணக்கு தொடங்கிவிடும். மயிலாப்பூருக்கும் எருசலேமுக்கும் ஒரே நிலாதானே.

நொச்சிக்குப்பம் ரோட்டில் மீன் வாங்கப் போவோம். செதில் இல்லாத மீனை அவள் தொட மாட்டாள், இறால், நண்டு பக்கமே திரும்ப மாட்டாள். மீன்காரம்மாவுக்கு அது ஒரு தீராத ஆச்சரியம். "இன்னாம்மா நீ, கடலாண்டயே குந்திகினு எறா துன்னமாட்டேன்றே? அரை ஐயரா நீ?" என்பாள். எண்ணிக்கை விஷயம் மட்டும் அவளுக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது. அதே மாதங்களில்தான் மீன்பிடித் தடைக்காலம். "எங்களுக்கும் அதான்மா, நாளு எண்ணிகினு கீறோம். எப்போ முடியும்னு கீது" என்றாள். எஸ்தர் அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தாள், விலை பேசாமல் சங்கரா வாங்கினாள்.

அவர்கள் பூர்வீகம் கொச்சி. அப்பா கப்பல் கம்பெனி வேலைக்காக இங்கே வந்தவர். அவர் இருந்தவரை வீட்டில் அவர்தான் எண்ணுவார். பெண்களுக்கு அது கட்டாயம் இல்லையாம். அப்பா போனார். கொஞ்ச நாளில் அண்ணன் இஸ்ரேலுக்குப் போனான், பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டான். இவளையும் கூப்பிட்டார்கள். விசா, டிக்கெட் எல்லாம் பேசினார்கள். இவள் போகவில்லை. நான்கூடத் திட்டியிருக்கிறேன்.

"போயேன்டி. அங்க எல்லாரும் சேர்ந்து எண்ணுவீங்க. ஒருத்தர் மறந்தா ஒருத்தர் சொல்லுவாங்க."

"அதான். அங்க எல்லாரும் எண்ணுவாங்க. இங்க நான் விட்டா யாரு இருக்கா?"

இந்த ஊரில் ஒரு காலத்தில் யூதர்கள் நிறையப் பேர் இருந்து, கடை வைத்து, வைரம் விற்று, கல்லறை கட்டி, அப்புறம் ஒவ்வொருவராகப் போய், கடைசியில் ஒரு லேப் டெக்னீஷியன் மிச்சம். ஒரு தடவை, ஒரே ஒரு வருடம், ஜெபத்தோடு நாற்பத்தொன்பதும் எண்ணி முடித்துவிட வேண்டும், அப்பா எண்ணின மாதிரி. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பணமோ புருஷனோ வேண்டும் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. நமக்கு விசித்திரமாக இருக்கலாம். ஆசைக்கு என்ன கணக்கு?

தோற்ற வருடங்கள் எல்லாம் ஒரு கதை. ஒரு வருடம் இருபதாம் நாளைத் தாண்டவில்லை. ஒரு வருடம் மின்வெட்டில் மெழுகுவத்தி தேடிக்கொண்டே தூங்கிப்போய், மறுநாள் ஆடிட் நடந்த அமளியில் விட்டாள். என் கல்யாணம் நடந்த வருடம்தான் உச்சம். அந்த ஏழு வாரத்தில் முப்பத்து மூன்றாம் நாள் வரை அவர்களுக்குத் துக்க காலம், பாட்டு வாத்தியம் கேட்கக் கூடாது. எங்கள் கல்யாணத்தில் பேண்டு வாத்தியம் இல்லாமல் உண்டா? சர்ச்சில் பூசைக்கு வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். வரவேற்பில் பேண்டு முழங்க ஆரம்பித்ததும் எழுந்து வெளியே தெருவில் போய், வாட்ச்மேன் ஸ்டூலில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு வந்த கோபம்! மறுநாள் முழுக்க என் பிறந்த வீட்டில் பாத்திரம் எண்ணி வைத்து, சொந்தக்காரர்களை ரயிலேற்றி, வேலைக்காரி மாதிரி உழைத்தாள். வாத்தியத்துக்குக் காதைப் பொத்தினவள், எண்ண மறந்துபோனாள். இருட்டின பிறகு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் ஞாபகம் வந்ததாம். "உன் கல்யாணத்தால என் முப்பது போச்சு" என்று என் முதல் பிரசவம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு வருடம் வேறு மாதிரி. எண்ணினோமா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம். எண்ணின மாதிரியும் இருந்தது, கனவில் எண்ணின மாதிரியும் இருந்தது. அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். அவன் அங்கே யாரையோ கேட்டுச் சொன்னான். மறந்தது நிச்சயம் என்றால்தான் ஜெபம் போச்சு. சந்தேகம் என்றால் போகவில்லை, ஜெபத்தோடேயே தொடரலாம். அவள் துள்ளிக் குதித்தாள். "பாத்தியாடி, எங்க சாமி எவ்வளவு நல்லவரு! சந்தேகத்த நமக்கே விட்டுக் குடுத்துட்டாரு." நாலே நாளில் அந்த வருடமும் நிச்சயமாக மறந்தாள் என்பது வேறு விஷயம்.

இப்போது அந்த வருடத்துக்கு வருகிறேன். வராமல் இருக்க முடிந்தால் வர மாட்டேன்.

கொரோனா இரண்டாவது தடவை வந்த வருடம். நான் வேலையை விட்டு நின்றுவிட்டேன், அவள் நிற்கவில்லை. லேபில் பாதிப் பேர் வரவில்லை, வாசலில் ஜனம் வரிசையில் நின்றது. அவள் காலையிலிருந்து ராத்திரி வரை அந்தப் பிளாஸ்டிக் உடைக்குள் வெந்துகொண்டிருந்தாள். அந்த அமளியில்தான், என்ன கிரகமோ, ஒரு நாள்கூட மறக்கவில்லை. தினமும் பொழுது சாய்ந்ததும் நான் ஃபோன் போடுவேன். நேத்து இருபது. நேத்து இருபத்தெட்டு. நேத்து முப்பத்தி மூணு. முப்பத்து மூன்றைத் தாண்டினது அதுதான் முதல் தடவை. இந்தத் தடவை முடித்துவிடுவாள் என்று நான் மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன். யூதப் பெண் எண்ணி முடிக்க மாதாவிடம் நேர்ச்சை. மாதாவும் யூதப் பெண்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பதுக்கு முன்னால் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூட யாரையும் விடவில்லை. பாரத்தில் உறவு என்ற இடத்தில் என்ன போட என்று கேட்டார்கள், தங்கச்சி என்று போட்டேன்.

ஃபோனில் மூச்சு இரைக்கக் கேட்டாள். "நின்னுகிட்டு எண்ணணும்டி. என்னால நிக்க முடியல. படுத்துகிட்டு எண்ணுனா செல்லுமா?"

"செல்லும் போ. நான் சொல்றேன்."

"நீ யாருடி சொல்றதுக்கு? அண்ணனக் கேளு."

அண்ணனைக் கேட்டேன். செல்லும் என்றான், அழுதான்.

மறுநாள் ட்யூட்டி டாக்டர் எனக்கு ஃபோன் செய்தார். "பேஷண்டுக்குக் கொஞ்சம் குழப்பமா இருக்குங்க. நேத்து சாயங்காலம் ரவுண்ட்ஸ்ல, இன்னைக்கு எத்தனையாவது நாள்மான்னு கேட்டேன். அட்மிட் ஆகி ரெண்டாவது நாள். அவங்க நேத்து நாப்பத்தி ஒண்ணுங்கறாங்க. ரெண்டு தடவ கேட்டேன், அதையேதான் சொன்னாங்க. ஆக்சிஜன் பத்தாதப்போ இப்படி ஆகும்." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. அய்யோ சார், அவளுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, உங்களையும் என்னையும்விடத் தெளிவாக இருக்கிறது என்று ஆரம்பித்து, பாஸ்கா, பார்லி, கோயில், ஜெபம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவ்வளவு வேலைக்கு நடுவில் அந்த மனுஷன் கேட்டுக்கொண்டார். "சரிங்க, கேஸ் ஷீட்ல குழப்பம்னு எழுதினத அடிச்சுடறேன்" என்றார்.

அதற்கடுத்த நாள் பொழுது சாயும்போது பேசினேன். குரலே இல்லை.

"எத்தனைடி?"

ரொம்ப நேரம் மூச்சுச் சத்தம்தான். பிறகு, "நேத்து... நாப்பத்தி மூணு."

ஆறே நாள். விரல் விட்டு எண்ணினால் இரண்டாவது கைக்கு ஒரு விரல்தான் வேண்டும். "எண்ணிடு, மறந்துடாத" என்றேன். சரி என்றாளா, இருமினாளா, தெரியவில்லை. நர்ஸ் ஃபோனை வாங்கி வைத்துவிட்டாள். அன்றைக்குத்தான் முழு ஊரடங்கு தொடங்கியிருந்தது, தெருவில் ஆம்புலன்ஸைத் தவிரச் சத்தமே இல்லை. விடிவதற்குள் எஸ்தர் செத்துப்போனாள்.

அவர்களுடைய பழைய கல்லறையைப் பற்றி யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. அண்ணன் வர முடியாது, விமானம் இல்லை. மாநகராட்சி சொன்ன இடத்தில்தான் அடக்கம். முஸ்லிம் பையன்கள் சிலர் அந்த நாட்களில் எந்த மதத்துப் பிணமானாலும் தூக்கி அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் போகவே மற்றவர்கள் பயந்த காலம். அவர்கள்தான் வந்தார்கள். தலையிலிருந்து கால்வரை மூடின உடைக்குள்ளிருந்து ஒருவர் கேட்டார்.

"எந்த மதம்மா? அதுக்குத் தக்க வைக்கணும்."

"யூதர்ப்பா."

வழக்கம்போல எந்த சர்ச் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"மூஸா நபி வழியில வந்தவங்களா? சரிம்மா. நாங்க பாத்துக்கறோம். ஒரு துவா செய்யலாமா?"

இருபத்தைந்து வருடத்தில் மந்தைவெளியில் ஒருவர்கூட ஒரே தடவையில் புரிந்துகொள்ளாததை அவர் புரிந்துகொண்டார். கேட்க அவள் இல்லை. கயிற்றில் இறக்கினார்கள், மண் தள்ளினார்கள், அடுத்த வண்டி வந்து நின்றுவிட்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஒரு வாரம் கழித்து அவள் பையை வாங்கப் போனபோது அந்த நர்ஸைத் தேடிப் பிடித்தேன். கடைசிச் சாயங்காலம் நான் ஃபோனில் பேசின பிறகு அவள் ஏதாவது சொன்னாளா, நம்பர் மாதிரி ஏதாவது, என்று கேட்டேன். பாவம், அந்தப் பெண் கண்ணுக்குக் கீழே மாஸ்க் அழுத்தின தழும்போடு நின்றாள்.

"ஒதடு அசைஞ்சிகினே இருந்திச்சிக்கா. மாஸ்க்கு போட்டிருந்தோம்ல, எனக்கு ஒண்ணும் கேக்கல. நானும் நாலு பெட்டு பாத்துகினு இருந்தேன்."

அண்ணனிடம் சொன்னேன். "இங்க நாங்க எல்லாரும் எண்ணி முடிச்சோம். அவளுக்காகவும்தான்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்கு அது போதவில்லை. அங்கே எல்லாரும் எண்ணுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? மிச்ச ஐந்து நாளும் பொழுது சாய்கிற நேரம் நான் மொட்டை மாடியில் போய் நின்றேன். ஒரு நம்பர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. நான் சொன்னால் அது செல்லாது. செல்லும் என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

லேப் இருந்த சந்தில் இப்போது செல்ஃபோன் உறை விற்கிறார்கள். அவள் குடியிருந்த வீட்டை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள், கீழே கார் நிற்கிறது. நாங்கள் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் அகலமான நடைபாதை போட்டு, வெளிச்சமாக, அழகாக இருக்கிறது. தலையில் கைக்குட்டை போட்டு அங்கே ஒருத்தி நின்றாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். மீன்காரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அய்ய, அந்த அரை ஐயரம்மாவா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். அவளும் போன வருடம் போய்விட்டாள்.

பார்லி அடிப்பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் வந்து அடுப்பை அணைத்துவிட்டு, எனக்குக் கை கொடுத்துத் தூக்கி விட்டார். வெளியே இருட்டிவிட்டது. அவள் கணக்கில் இன்றைக்கு ஒன்றாக இருக்கலாம், இரண்டாக இருக்கலாம், இன்னும் ஆரம்பிக்காமலும் இருக்கலாம். யாரைக் கேட்பது?

அந்த நாற்பத்து நான்கை அவள் எண்ணினாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. சந்தேகம் என்றால் ஜெபம் போகாது, மறுநாளிலிருந்து தொடரலாம் என்றுதான் அவர்கள் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவர்கள், தொடர ஊரில் ஒருத்தராவது மிச்சம் இருப்பார் என்று நினைத்துத்தான் போட்டிருப்பார்கள்.